ஆமைக்கு வயது என்ன?

முதல் நாவல் கடைக்கு வந்த மூன்றாம் நாளே கனகசபைக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. அரசாங்க இலாகாவில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய மாயக்கதை, 'ஆமைத்தீவின் அரசாங்கம்'. பேசும் ஆமைகள், பறக்கும் மந்திரிசபை, மூன்று ஆட்சிக் கவிழ்ப்பு. ஆமை என்றால் ஆமையா? அதிகாரம்! பிரிக்ஃபீல்ட்ஸ் புத்தகக் கடைக்காரர் பக்கிரிசாமிக்கு இதெல்லாம் புரியவில்லை. கலர் பென்சில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்.

"பிள்ளைங்க கை எட்டுற எடம் சார். நல்லா போகும்லா."

"இது பிள்ளைங்க கதை இல்ல, பக்கிரிசாமி. அரசியல்!"

"அட்டையில ஆமை சிரிக்குதே?"

"அது சிரிப்பில்ல. ஏளனம்."

பக்கிரிசாமி புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆமை சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

இதைக்கூடக் கனகசபை பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது கல்லாவுக்கு எதிரே, நுழைந்ததும் கண்ணில் படுகிற மேசையில் இருந்தது. காஜாங் பக்கத்து ஆசிரியை புஷ்பவல்லியின் 'லிஃப்டில் வந்த முதலை'. அதுவும் முதல் நாவல், அதுவும் மாயக்கதை. ஆற்றிலிருந்து ஒரு முதலை கம்போங் மேடான் ஃபிளாட்டுக்கு ஏறி வந்து நாலாவது மாடியில் குடியிருக்கிறது. அவ்வளவுதான் சரக்கு. அதைப் போய் பங்சாரிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் மேலும் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, "படிச்சிட்டு அழுதுட்டேன் பாஸ்" என்றார். கனகசபை பக்கத்திலேயே நின்று கேட்டார். முதலையைப் படித்தவன் வேறெந்தக் கண்ணீரை விடுவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆறவில்லை. அவருடைய ஆமை மன்னர் எழுபது பக்கம் எடுத்துக்கொண்டு சாகிறார். ஒருத்தர் மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. வாங்கிப்போன ஒரே அம்மாவும், வண்ணம் தீட்ட இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வருஷக் கடைசியில் எழுத்தாளர் கழகத்தின் பரிசு வருகிறது. நாவலுக்கு ஒன்று, சிறுவர் நூலுக்கு ஒன்று. நாவல் பரிசு தனக்கு, முதலை சிறுவர் பக்கம் ஊர்ந்து போகட்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஊர் நேர்மாறாகப் பிரித்து வைத்திருந்தது.

மறுநாளே ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் அச்சகத்துத் தம்புசாமியைப் பிடித்தார். மிச்சமிருந்த அறுநூறு பிரதிகளின் அட்டையிலும் சிவப்பில் ஒரு வரி வேண்டும்: பெரியவர்களுக்கு மட்டும்.

தம்புசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நெசமாவா அண்ணே? உள்ள அப்படி என்ன எழுதியிருக்கீங்க?"

"ஆழமான விஷயம்."

"ஓ," என்று தம்புசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆழம்."

அந்த வரி ஒட்டிய கேசட்டை வீடியோ கடையில் எங்கே வைத்திருப்பார்கள் என்பது பிரிக்ஃபீல்ட்ஸில் கனகசபையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்துப் போனபோது பென்சில்களுக்குப் பக்கத்தில் ஆமையைக் காணோம். பக்கிரிசாமி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"நாப்பது போயிருச்சு சார்! எல்லாம் ஆம்பளைங்க. பேர்கூடச் சொல்றதில்ல, விரல நீட்டுறாங்க."

நாற்பது பெரியவர்கள்! கனகசபைக்கு நெஞ்சு விம்மியது. விம்மி அடங்குவதற்குள் ஒரு லோரி டிரைவர் உள்ளே வந்து புத்தகத்தை மேசைமேல் எறிந்தார்.

"என்ன பாஸ் இது, கடைசிவரைக்கும் தேடிட்டேன், வெறும் ஆமைலா!"

"அறுபதாம் பக்கத்துல முட்டை போடுதே, பாத்தீங்களா?" என்றார் பக்கிரிசாமி, வியாபாரத்தை விடாமல்.

விஷயம் கழகத்துக்கு எட்டாமலா இருக்கும்? செயலாளர் அய்யாவு கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணே, சிறுவர் பிரிவுக்கு ஒண்ணுமே வரல. நீங்க போட்டா பரிசு ஒங்களுக்குத்தான், நூத்துக்கு நூறு. அந்தச் செவப்பு வரிய மட்டும் மறைச்சுக் குடுங்க."

"அந்தம்மா எதுல?"

"குழு நாவல்ல போட்டுருக்கு. அவங்க எதையும் கேக்கல."

கேட்கவில்லை! அதுதான் சுருக்கென்று தைத்தது. கேட்டிருந்தால், கெஞ்சியிருந்தால், கழகத்தில் யாரையாவது பிடித்திருந்தால் கனகசபை நிம்மதியாகத் திட்டியிருப்பார். அய்யாவு அவளுடைய விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். 'வாசகர் வயது' என்ற இடத்தில் புஷ்பவல்லி எழுதியிருந்தாள்: வாசிக்கத் தெரிந்தவர்கள்.

மூன்று தடவை படித்தார். இரண்டே சொல். ரயிலும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

பேனாவைத் திறந்தார். தன் பாரத்தில் 'நாவல்' என்பதில் குறி போட்டார். வாசகர் வயதில், 'நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்' என்று எழுதினார். போதவில்லை. முன்னால் 'மிக' சேர்த்தார்.

அய்யாவு எட்டிப் பார்த்தார். "அப்ப நம்ம நடுவர் மூணு பேருக்கும் அனுப்ப முடியாதே அண்ணே. பேசாம சிறுவர்ல போடுங்கண்ணே, கையில வந்த பரிசு."

"நாவல்தான்."

"தோத்துருவீங்க."

"தெரியும்." கனகசபை பேனாவை மூடினார். போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, குரலை இறக்கினார். "அய்யாவு, ஒண்ணே ஒண்ணு. அவங்க பாரம் என்னோடதுக்கு அப்புறம் வந்த மாதிரி தேதி போட முடியுமா?"