மங்க்மனின் இடது முழங்கால்

ஸ்கெல்பி டவுன் கால்பந்து கிளப்புக்கு வில்ஃப் ஹார்கிரீவ் பதினோரு பருவங்கள் தடுப்பாட்டக்காரராக இருந்தார். கடைசி இரண்டு பருவங்களும் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் இறங்கினார். ஊசி போட்டால் வலி தெரியாது. தெரியாத வலி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது வயதில், பந்தை எடுக்கத் திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் அதோடு சரி.

பிறகு அங்கேயே பயிற்சியாளரானார். புது மேனேஜர் வந்தால் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது வழக்கம். ஃப்ராங்க் ஓல்ட்ராய்ட் வந்தபோது வில்ஃபிடமிருந்து விசிலை வாங்கிக்கொண்டு கார் சாவியைக் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, தேறுகிற ஆள் கண்ணில் பட்டால் சொல்ல வேண்டும். மழையில் தனியாக நின்று இறைச்சி அடைத்த ரொட்டி தின்றபடி ஆட்டம் பார்ப்பது வில்ஃபுக்குப் பிடித்துப்போயிற்று.

எழுபத்து நான்காம் வருடக் குளிர்காலத்தில் ஸ்கெல்பி அணிக்குக் கோலே விழவில்லை. கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் டெர்ரி மங்க்மன் என்றொருவன் கோலாகப் போட்டுத்தள்ளுகிறான் என்று கேள்விப்பட்டு, ஓல்ட்ராய்ட் வில்ஃபை அனுப்பினார். மங்க்மன் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். அன்றைக்கும் இரண்டு கோல் போட்டான். வில்ஃப் பந்தைப் பார்க்கவில்லை, அவன் கால்களைத்தான் பார்த்தார். கோல் விழுந்த குஷியில் துள்ளியபோதுகூட அவன் வலது காலில்தான் இறங்கினான். ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அன்று மாலை வில்ஃப் அவன் வீட்டுக்குப் போனார். மங்க்மனின் மனைவி ப்ரெண்டா ரொட்டியும் பன்றி இறைச்சியும் வைத்துத் தேநீர் ஊற்றினாள்.

"இடது முழங்கால் எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார் வில்ஃப்.

மங்க்மன் மனைவியைப் பார்த்தான். "ஈஸ்டர்லேர்ந்து வீங்குது. இவரு சொல்லமாட்டாரு," என்றாள் அவள்.

"இந்த விஷயம் உங்க வாயால வெளிய போனாத்தான் உண்டு சார். எனக்கு இருபத்தேழாச்சு. இனிமே எவன் வந்து கதவத் தட்டப்போறான்?" என்றான் மங்க்மன்.

வில்ஃப் கால்சட்டையைச் சுருட்டித் தன் முழங்காலைக் காட்டினார். ஊசி போட்டு ஆடியவனின் கால் இதுதான் என்றார்.

மங்க்மன் அதை நன்றாகப் பார்த்தான். "ஆனா நீங்க பதினோரு வருஷம் ஆடிட்டீங்கல்ல."

வில்ஃப் கால்சட்டையை இறக்கிவிட்டார். ஊர் திரும்பியதும் ஓல்ட்ராய்டிடம் உள்ளதைச் சொன்னார்.

"கோல் போடுவானா மாட்டானா? அதச் சொல்லு," என்றார் ஓல்ட்ராய்ட்.

"போடுவான். எவ்வளவு நாளைக்குன்னு தெரியாது."

"என் வேலை மட்டும் எவ்வளவு நாளைக்குன்னு எனக்குத் தெரியுமாக்கும்?"

ஆனால் முழங்கால் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே கிளப் இயக்குநர்கள் பின்வாங்கிவிட்டார்கள். ஹார்ன்ட்விக் என்ற பக்கத்து ஊர் கிளப் மங்க்மனைக் கொத்திக்கொண்டு போனது. அவர்களுடைய மருத்துவர், குதிரை வாங்குகிறவர்போல, பல்லைப் பார்த்ததோடு சரி. ஒன்றரைப் பருவத்தில் முப்பதுக்கு மேல் கோல் போட்டான். அதில் இரண்டு ஸ்கெல்பிக்கு எதிராக. அந்த வருடம் ஸ்கெல்பி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஓல்ட்ராய்டின் வேலை போனது. கூடவே வில்ஃபின் வேலையும். மறு குளிர்காலம் மங்க்மனின் முழங்கால் விட்டுப்போனது. அறுவை சிகிச்சை செய்தும் அவனால் மறுபடி ஆட முடியவில்லை.

வில்ஃபுக்கு வேறொரு கிளப்பில் அதே வேலை கிடைத்தது. சில வருடம் கழித்து அந்த மீன்பிடி ஊருக்கே ஆட்டம் பார்க்கப் போனார். வேலியோரம் மங்க்மன் நின்றிருந்தான். வில்ஃப் விலகிப் போகப் பார்த்தார். அவன் காலை இழுத்துக்கொண்டு தானே வந்தான்.

"நீங்க சொன்னபடியே ஆயிருச்சு சார்."

"ஆகணும்னு நான் நினைக்கல."

"தெரியும். ரெண்டு மாசம் உங்களத் திட்டினேன். அப்புறம் கோல் விழ ஆரம்பிச்சுது, மறந்துட்டேன்." வேலியில் கையை ஊன்றிக்கொண்டான். "அந்த ஒண்ணரை வருஷத்தக் குடுத்துரு, முழங்காலத் திருப்பித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா, குடுக்கமாட்டேன். ப்ரெண்டாகிட்ட இதச் சொல்லிராதீங்க."

இருவரும் சேர்ந்து ஆட்டம் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த அணியின் ஆறாம் எண்காரன் பந்து வருமுன்பே எங்கே நிற்கிறான் பாருங்கள் என்று மங்க்மன் காட்டினான். வில்ஃப் அதைக் கவனித்திருக்கவில்லை. இடைவேளையில், கரையோர ஊர்களின் ஆட்டங்களைத் தனக்காகப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வீட்டில் கேட்க வேண்டும் என்றான் மங்க்மன்.

ப்ரெண்டா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அந்த மனிதரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள் என்றாள். வில்ஃப் போனார். கணவனின் காலில் தொடங்கி, சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் வாசலிலேயே சொல்லித் தீர்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி, நின்றபடியே கேட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை மங்க்மன் வேலைக்குச் சேர்ந்தான்.