கயிற்றை விட்டவன்

வாசலில் கிடத்தியிருந்த அண்ணன்மேல் வெயில் விழாதிருக்க நாலு பேர் தார்ப்பாயைத் தூக்கி விரித்தபோதுதான், அது எந்தத் தார்ப்பாய் என்று திம்மராயனுக்குப் புரிந்தது. யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்டதில் ஓசூர் பூப்பந்துச் சங்கம் எடுத்தது. நேற்று அண்ணன் எல்லப்பனைக் கொன்றதும் அதுதான்.

"நான்தான் குடுத்தனுப்பினேன். கழி நடுற வரைக்கும் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்றார் சங்கச் செயலாளர் நாராயணப்பன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மனுஷன்.

மைதானத்தைப் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டவன் எல்லப்பன். களம் நனையாமல் பாய் விரிக்கும்போது காற்று வரும் பக்கத்து ஓரத்தில் முதலில் மணல்மூட்டை வைக்கவேண்டும், பாயின் கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது, அடியில் காற்று புகுந்தால் எல்லோரும் ஒன்றாகக் கையை விட்டுவிட வேண்டும் என்பது அவன் சட்டம். "பாய் போனா போவுது, ஆளு போவக்கூடாது" என்பான்.

நேற்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்குப் பெங்களூர் கோஷ்டி ஆடவேண்டிய களம். மூட்டைகள் வருமுன்பே நாராயணப்பன் பாயை விரிக்கச் சொன்னார். "எவன் கயித்த விட்டாலும் நாளைக்கு இந்தப் பக்கம் வரவேணாம்!" என்று கத்தினார். எல்லப்பன் பாயின் கயிற்றை மாட்டுக் கயிறுபோல் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். பாய் உப்பியது. பக்கத்தில் நின்ற திம்மராயன் தன் கயிற்றை விட்டுவிட்டான். எல்லப்பனை அது ஆளுயரத்துக்குத் தூக்கிக் கல் உருளைமேல் போட்டது.

"கையில சுத்தாதீங்கன்னு ஊருக்கே சொன்னவன், அவனே சுத்திக்கிட்டான். விதி" என்றார் நாராயணப்பன், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி.

திம்மராயன் அவர் முன்னால் போய் நின்றான். "விட்டா வராதேன்னு சொன்ன வாய் யாருது?"

"சாவு வூட்ல சண்டை எதுக்குப்பா?" என்றார் நாராயணப்பன்.

புருஷன் தலைமாட்டிலிருந்து சென்னம்மாள் நிமிர்ந்தாள். அவள் பார்வை கொழுந்தன்மேல்தான் விழுந்தது.

"நீ மட்டும் வுட்டுட்டு வந்துட்ட."



மேற்கேயிருந்து காற்று கிளம்பியது. தார்ப்பாய் உப்ப, பிடித்திருந்தவர்களின் குதிகால் தரையைவிட்டு எழும்பியது.

"விடாதீங்கடா!" நாராயணப்பன் பாய்ந்தார்.

"வுடுங்க! எல்லாரும் ஒண்ணா வுடுங்க!" திம்மராயன் தொண்டை கிழியக் கத்தினான்.

யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் நாலு பேரும் விழித்தார்கள். சென்னம்மாள் எழுந்துவிட்டாள்.

"அவரு சொன்னது மறந்துபோச்சா? வுடுங்கடா!"

விட்டார்கள். பாய் கூரையைத் தாண்டிப் பறந்தது. நாராயணப்பன் செருப்பை உதறிவிட்டு அதன் பின்னால் ஓடினார்.

வெயில் எல்லப்பன் முகத்தில் அறைந்தது. திம்மராயன் போய் அதை மறைத்து நின்றான். சென்னம்மாள் சற்றே நகர்ந்து, அவன் கால் வைக்க இடம் கொடுத்தாள்.