இரட்டை ஆலையில் நடந்த கல்யாணம்

எங்கள் ஆலையின் கணினிக்குள் இருக்கும் இரட்டை ஆலையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதை, காலை டீ குடிக்கும்போது மேலாளர் தாமோதரன் சொன்னார். பெண், உள்ளே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பூங்கோதை.

"வாழ்த்துகள் குணசீலன்," என்று கைகொடுத்தார். "யாராவது சொன்னாங்களோ இல்லையோன்னு நானே சொல்லிட்டேன்."

நான் நன்றி சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தேன்.

கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் சாய ஆலை. நீலம் மட்டும்தான் செய்கிறோம். ஆலையை நடத்தச் செயற்கை நுண்ணறிவு வந்தபோது, அது முதல் வேலையாக முழு ஆலையையும் கணினிக்குள் ஒருமுறை கட்டிக்கொண்டது. ஒவ்வொரு தொட்டிக்கும் பம்புக்கும் வால்வுக்கும் உள்ளே ஒரு இரட்டை உண்டு. இன்று இங்கே கலக்கப்போவதை நேற்றே அங்கே கலந்து பார்த்துவிடுவார்கள். அங்கே கெட்டுப்போனால் இங்கே நாங்கள் ஜாக்கிரதையாகிவிடுவோம்.

ஆரம்பத்தில் கணக்கு அடிக்கடி தவறியது. வால்வைத் திருப்புகிற ஆள் சாப்பிட்டாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்று தெரியாமல் சாயத்தைக் கணிக்க முடியாது என்று அது புரிந்துகொண்டது. எங்களையும் ஒவ்வொருவராக உள்ளே செய்து வைத்தது. அதன்பின் கணக்கு தவறவில்லை.

உள்ளே இருக்கும் குணசீலனும் என்னைப் போலவே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பான். எப்போதும் ஒரு நாள் முன்னால் இருப்பதால் அவனுக்குத் தயக்கம் குறைவு.

வெளியே இருக்கும் பூங்கோதையிடம் நான் அதிகம் பேசியதில்லை. சாம்பிள் பாட்டிலை ஆய்வக ஜன்னலில் நீட்டுவேன். அவள் வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, அது படர்வதைப் பார்த்துவிட்டு "பாஸ்" என்பாள், அல்லது "மங்கல், மறுபடி கொண்டு வாங்க" என்பாள். தானியங்கிக் கருவிகள் வந்தபிறகு பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. நான் போவதை நிறுத்தவில்லை. அவளும் ஜன்னலைச் சாத்தவில்லை.

அன்றும் போனேன்.

"மங்கல்," என்றாள். பிறகு, "கேள்விப்பட்டீங்களா?" என்றாள்.

"ம். தாமோதரன் சார் சொன்னாரு."

"எங்கப்பாவுக்குச் சம்மதமாம். உள்ள இருக்கிற அப்பாவுக்கு."

அவளுடைய அப்பா எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அதனால் ஏற்கெனவே உள்ளே இருந்தார்.

"சந்தோஷம்," என்றேன்.

"சந்தோஷம்தான்," என்று சொல்லிவிட்டு வடிதாளை மடித்தாள்.

என் பக்கத்தில்தான் சிக்கல். மாப்பிள்ளையின் தாயார் இல்லை என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அம்மா ஆலைக்குள் வந்ததே கிடையாது. வராத ஆளை உள்ளே எப்படிச் செய்ய முடியும்? தாமோதரன் வாயிலில் அனுமதி சொல்லி வைத்தார். மறுநாள் அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். மல்லிகைப்பூவை நசுக்காமல் ஹெல்மெட்டை எப்படி வைப்பது என்று காவலாளிக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

நுண்ணறிவின் கருவிகள் அம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்தன, கோபப்படச் சொல்லிப் பார்த்தன. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டபோது, "கண்ணளவுதான்" என்றாள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. உள்ளே போய்ச் சேர்ந்த அம்மா, செருப்பைக் கழற்றிய கையோடு கல்யாணச் சமையல்காரரை மாற்றினாள்.

வெளியே இருந்த அம்மா திரையில் பெண்ணைப் பார்த்தாள்.

"லட்சணமா இருக்கா. இவன் எங்கடா போய்ப் பார்த்தான்?"

"ஆய்வகத்துலம்மா."

"நீயும் தினம் அங்கதானே போற?"

"நான் பாட்டில் குடுக்கப் போறேன்."

அம்மா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "பாட்டில்," என்றாள்.

முகூர்த்தத்தன்றுதான் பள்ளிச் சீருடைத் துணிக்கான நீலம் சாயம் கலக்கும் மூன்றாம் ரியாக்டர் தொட்டியில் ஓட வேண்டியிருந்தது. பள்ளி திறக்கப்போகிறது. இந்தச் சாயம் கெட்டால் ஜில்லா முழுக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு நிறத்தில் போவார்கள். உள்ளே எல்லாரும் பந்தலில் இருந்ததால் யாரும் நேற்றே கலந்து பார்க்கவில்லை. நுண்ணறிவும் முகூர்த்தம் முடியும்வரை எதையும் கணிக்க மறுத்துவிட்டது. அது பெண் வீட்டுப் பக்கம்.

தாமோதரனால் நகர முடியவில்லை. உள்ளே அவர்தான் பெண்ணுக்குத் தாய்மாமன் முறை செய்துகொண்டிருந்தார். அதை இவர் திரையில் பார்த்தாக வேண்டும். மற்றவர்களும், கல்யாணம் பார்க்க வந்திருந்த அம்மாவைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பூங்கோதையும் நானும்தான். இரண்டு பேரும் ரியாக்டருக்கு இறங்கினோம்.

இந்த நீலம் கடைசிவரை குளிர்ந்தே இருக்க வேண்டும். சூடு கண்டால் சேறாகிவிடும். தானாகத் திறக்கிற வால்வு அன்று திறக்கவில்லை. பல காலமாக யாரும் தொடாத கை வால்வை நான் இரு கையாலும் பிடித்துத் திருப்பினேன். குளிர்நீர் ஓடுகிற சத்தம் குழாயில் கேட்டது. பூங்கோதை சாம்பிள் எடுத்து வடிதாளில் சொட்டினாள்.

"மங்கல்."

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மேலே எச்சரிக்கை ஒலிபெருக்கிகளில் நாதஸ்வரம் தொடங்கியது.

"அவன் எப்படிக் கேட்டான்னு தெரியுமா?" என்றாள் பூங்கோதை.

"யாரு?"

"உள்ள இருக்கிறவன். பாட்டிலை ஜன்னல்ல வெச்சுட்டு, 'இது பாஸா ஃபெயிலாங்கிறது கெடக்கட்டும், என்னைக் கட்டிக்கிறீங்களா'ன்னு கேட்டிருக்கான்."

"அவன் ஒரு நாள் முன்னால இருக்கான்."

"நீங்களும் ஒரு நாள் கழிச்சு வருவீங்கன்னுதான் நெனச்சேன். ஒரு மாசமாகுது."

வால்வின் சக்கரம் என் கையில் ஜில்லென்று இருந்தது. இதை உள்ளே யாரும் முன்கூட்டிச் செய்து பார்க்கவில்லை. சரியாக வருமா, சேறாகுமா என்று சொல்ல எந்தத் திரையும் இல்லை.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றேன்.

அவள் இன்னொரு சொட்டு விட்டு, வடிதாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "கொஞ்சம் மங்கலா இருக்கு. மறுபடி."

சக்கரத்தை இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினேன். பம்பின் இரைச்சலும் கெட்டிமேளமும் சேர்ந்துகொண்டதால் கத்த வேண்டியிருந்தது.

"பூங்கோதை! என்னைக் கட்டிக்கிறீங்களா?"

தாளில் நீலம், மழை விட்ட வானம் மாதிரி வட்டமாகப் படர்ந்தது. அதன் ஓரத்தில் துளி அழுக்கில்லை.

"பாஸ்," என்றாள்.

"எது?"

"ரெண்டும்தான். வால்வை விடாதீங்க."

நான் விடவில்லை. சிரிப்பு வந்துகொண்டே இருந்ததால் பிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. அவளும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் மேலே ஏறிப் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அம்மா திரை மேல் வீசிய அட்சதை பாதி உள்ளே போய் மணமக்கள் தலையில் விழுந்தது. பாதி விசைப்பலகையில் கிடந்தது. அதைப் பொறுக்கி எங்கள் இருவர் தலையிலும் போட்டாள். நாங்கள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பூங்கோதையின் அப்பா பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள சரின்னு சொன்னவன்தானே நானும்," என்றார்.

மறுநாள் இரட்டை ஆலையில் மூன்றாம் ரியாக்டரை ஓட்டினார்கள். உள்ளே இருக்கும் குணசீலன் தானியங்கியை அணைத்துவிட்டு, நான் திருப்பிய மாதிரியே கை வால்வைத் திருப்பினான். அவர்கள் எங்களைப் பார்த்துச் செய்தது அதுதான் முதல் தடவை. தாமோதரன் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

ஆவணியில் எங்கள் கல்யாணம். உள்ளே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் பாயசத்தில் இனிப்பு போதாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். நாங்கள் தாராளமாகவே போட்டோம். பிள்ளைகள் ஒரே நீலத்தில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தை மாதம் இரட்டை ஆலையும் தனக்குள் ஒரு இரட்டை ஆலை கட்டிக்கொண்டது. அது புதிய வகை. நிறைய வருஷம் முன்னால் ஓடும் என்றார்கள். ஒரு நாள் காலை மூன்றாம் ரியாக்டரில் சாம்பிள் குழாயைத் திறந்தேன். நீலத்தோடு ஒரு சின்னப் பால்பல் வந்து பாட்டிலில் விழுந்தது. ஜன்னலில் நீட்டினேன். பூங்கோதை அதைக் கழுவித் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மேல்வரிசைப் பல்லுன்னு நினைக்கிறேன்," என்றாள். "நம்ம பொண்ணுக்கு உங்க பல்லுதான்."

ஆலைச் சுவரோரம் மேய்ந்துகொண்டிருந்த மாட்டிடம் போய்க் கொஞ்சம் சாணி எடுத்து வந்தேன். அவள் பல்லை அதில் உருட்டி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆய்வகத்தின் தகரக் கூரை மேல் எறிந்தாள்.