சொர்ணம் விழுந்த இடம்

சூரியன் எழுவதற்குள் சுண்ணாம்புக் குழி கொதித்துவிட்டது. தாயம்மா குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டக் கொட்ட, வெள்ளைக் கட்டிகள் வெடித்துப் பொரிந்து ஆவியைக் கக்கின. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நீண்ட கழியால் கிளறினாள். உலக யுத்தம் முடிந்தும் சிமெண்டுக்குப் பர்மிட் என்று அலைய வேண்டியிருந்த காலம். தியாகராய நகரில் எழும்பிய மாடி வீடுகளுக்குச் சுண்ணாம்புதான் கதி. அது அரித்து, சித்தாள்களின் விரல் இடுக்குகள்தான் கதியற்றுப் போயின.

கலந்த சாந்தைத் தலையில் ஏற்றிச் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாருக்குக் கொண்டுபோக வேண்டும். முந்தாநாள் வரை மேல்பலகை சொர்ணத்தினுடையது. இன்று அங்கே ஏற ஒரு புதுப் பெண் வந்திருந்தாள்.

"கவுறைப் பார்த்து ஏறும்மே," என்றாள் தாயம்மா.

சவுக்குக் கழிகளைப் பிணைத்திருந்தது அதே பழைய கயிறு. அறுந்த இடத்தில் போட்ட முடிச்சு மட்டும்தான் புதிது.

அந்தக் கயிற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்பதே பெரிய வழக்கு. கட்டடத்தை ஏற்றுக் கட்டுபவர் காண்ட்ராக்டர் வேதாந்தம். ஆட்கள் அவருடையவர்கள் அல்ல. விடியற்காலையில் சைதாப்பேட்டைப் பாலத்தண்டை வேலைக்குக் காத்து நிற்பவர்களில் பொறுக்கிக் கொண்டுவந்து அவரிடம் விடுபவர் மேஸ்திரி பஞ்சாட்சரம். தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, தன் பங்கைக் கிள்ளிக்கொண்டு மிச்சத்தைக் கூலியாகத் தருவார். புதுக் கயிறு கேட்டால் காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி காண்ட்ராக்டரைக் காட்டுவார். இருவரும் கை காட்டி முடிப்பதற்குள் சொர்ணம் மாடி உயரத்திலிருந்து செங்கல் குவியலின் மேல் விழுந்துவிட்டாள்.

"வெளியே தூக்குங்க! மனையிலே உசுரு போவக்கூடாது!" என்று மேஸ்திரி கத்தினார்.

குடிபுகாத வீட்டில் ரத்தம் சிந்தினால் ஆகாது. அது மேஸ்திரி மட்டும் நம்பியதல்ல. அங்கே மண் சுமந்த அத்தனை பேரும் நம்பியது. தோள் பக்கம் பிடித்தவள் தாயம்மா. கால் பக்கம் பிடித்தவர் கொத்தனார் குலாம் ரசூல். வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்து மர நிழலில் கிடத்தினார்கள். தாயம்மா உடனே உள்ளே ஓடி, செங்கல் மேலிருந்த ரத்தத்தைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். திரும்பி வந்தபோது சொர்ணத்தின் கண்கள் நிலைகுத்தியிருந்தன.

"தண்ணி கேட்டுச்சு," என்றார் குலாம் ரசூல்.

குடத்தில் ஒரு சொட்டு இல்லை. எல்லாவற்றையும் செங்கல்லுக்கு ஊற்றிவிட்டிருந்தாள்.

பிறகு வந்த போலீஸ்காரர் ரோட்டில் கிடந்த பிணத்தைப் பார்த்தார். "ஜட்கா வண்டி அடிச்சிடுச்சுங்க," என்றார் மேஸ்திரி. அதுவே முடிவாகிவிட்டது.

இன்று வெயில் ஏறியதும் வேதாந்தத்தின் கார் வந்து நின்றது. காத்திருந்த நாகராஜ் முன்னே வந்தான். சொர்ணத்தின் புருஷன், கைவண்டி இழுப்பவன். கைக்குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குலாம் ரசூல்தான் அவனை முந்தின நாள் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கு அழைத்துப் போயிருந்தார். இப்போது அவரும் சாரத்திலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் நின்றார்.

"சாமி, எம் பொஞ்சாதி இங்க வேலை செய்யச் சொல்லோ செத்துப்பூட்டா. நஷ்ட ஈடு குடுக்கணும்னு சட்டம் கீதாம். ரெண்டு கொயந்தைங்க கீது சாமி."

"யாரு சொன்னா நோக்கு?"

"சங்கத்துல."

"அப்போ சங்கத்தையே கொடுக்கச் சொல்லேன். உன் ஆம்படையாள் யாருன்னே நேக்குத் தெரியாது. ஆளைக் கொண்டு வரவன் பஞ்சாட்சரம். அவனைக் கேட்டுக்கோ."

மேஸ்திரி இரண்டு கைகளையும் விரித்தார். "நான் இட்டாந்து வுடறவன். வேலை வாங்கறது சாமி. நான் இன்னாத்தக் குடுக்கறது?"

"அடடே! உங்க ரெண்டு பேருக்குமே அது ஆள் இல்லேன்னா, அந்தப் பொண்ணு காத்துக்கா சாந்து தூக்குச்சு?" என்றார் குலாம் ரசூல்.

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. வேதாந்தத்தின் முகம் சிவந்தது.

"பாய், சட்டம் நேக்கும் தெரியும். வேலை செய்யற எடத்துல விழுந்தாத்தான் நஷ்ட ஈடு. அவ ரோட்டுல கெடந்தா. ரோடு கார்ப்பரேஷனுது. போய் அவாளைக் கேட்டுண்டு வாங்கோ."

மேஸ்திரி கூலிக்காரர்கள் பக்கம் திரும்பினார். குரல் இனித்தது.

"சாரத்துலேர்ந்து வுயுந்ததை யாருனா பார்த்தீங்களா? பார்த்தவங்க தாராளமா சொல்லுங்க. நாளைக்குப் பாலத்தாண்ட உங்க மூஞ்சியை நானும் பார்க்கறேன்."

தாயம்மாவின் வீட்டில் அவள் கூலி வந்தால்தான் உலை ஏறும். நாகராஜ் எவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தை தூக்கத்தில் அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. தீட்டுப் போகட்டும் என்றுதான் தாயம்மா அன்று கழுவினாள். சொர்ணம் அங்கே விழுந்ததற்கான சாட்சியும் அதோடு கழுவப்பட்டுப் போய்விட்டது. இந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தவள் எந்தச் செங்கல்லின் மேல் விழுந்தாளோ, அது அவளுக்குத் தெரியும்.

"நான் பார்த்தேன்," என்றாள்.

மேஸ்திரி முறைத்தார்.

"மேல கவுறு அறுந்துச்சு. தோ, இந்தக் கல்லு மேலதான் வுயுந்தா. நான்தான் வெளிய தூக்கினேன். நான்தான் கயுவுனேன். மனைக்கு ஆவாதுன்னு நீ சொன்னே, நானும் மாடு மாதிரி கேட்டேன். எந்த கோர்ட்டுல வேணா வந்து சொல்றேன்."

"துள்ளாதே தாயம்மா! நாளைக்கு எவன் உனக்கு வேலை தரான்னு பார்க்கறேன்!"

"கால் பக்கம் புடிச்சவன் நான்," என்றார் குலாம் ரசூல். "என் பேரையும் சேர்த்துக்க."

புதுப் பெண் ஏணியிலிருந்து இறங்கினாள். "கவுறு மாத்தற வரைக்கும் நான் ஏறமாட்டேம்பா. எனக்கும் ஊட்ல புள்ளைங்க கீது."

ஒரு சாந்துச் சட்டி தரைக்கு வந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கொத்தனார்களின் கரணைச் சத்தமும் நின்றுவிட்டது.

"வேலை நிக்கறதேடா பஞ்சாட்சரம்! வேற ஆளை அழைச்சுண்டு வா!" என்று வேதாந்தம் இரைந்தார். மேஸ்திரி சைக்கிளில் பாய்ந்து ஏறினார்.

மேஸ்திரி அழைக்கப்போகும் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போக, வேலையை நிறுத்தியவர்கள் நாகராஜோடு நடந்து பாலத்தை அடைந்தபோது, அன்று வேலை கிடைக்காமல் மிஞ்சியவர்களுக்கு நடுவே மேஸ்திரி நின்று, கூலி கூடத் தருவதாகக் கூவிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்த ஒரு பெண் தாயம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உங்க வேலைக்கா கூப்புடறான்?"

"சொர்ணம் செத்தா பாரு, அந்த வேலைக்கு."

"நீங்கல்லாம் எங்க போய்க்கினு கீறீங்க?"

"நஷ்ட ஈட்டு ஆபீசருகிட்ட. அவ எங்க வுயுந்தான்னு சொல்றதுக்கு."

"சொன்னா குடுத்துடுவாங்களா?"

"தெரியாது. சொல்லலேன்னா குடுக்க மாட்டாங்க. அது தெரியும்."

அந்தப் பெண் சற்று யோசித்தாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "இன்னிக்கு நான் வரல மேஸ்திரி." பக்கத்திலிருந்தவனும் குந்தினான். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு மேஸ்திரியின் பின்னால் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை.

பட்டணத்துக்குள் வெகு தூரம் நடக்க வேண்டியிருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு பாலுக்கு அழுதது. தாயம்மா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கை ஓய்ந்ததும் குலாம் ரசூல் வாங்கிக்கொண்டார். மவுண்ட் ரோட்டை விட்டுத் திரும்பும்போது அது புதுப் பெண்ணின் தோளில் இருந்தது. அழுகை இன்னும் ஓயவில்லை. நடையும் நிற்கவில்லை.