மார்த்தா கதவைத் திறக்கமாட்டாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மார்த்தா அந்தக் கதவைத் திறந்திருக்கவே மாட்டாள். ஆறாம் பகுதியைப் பார்த்து முடித்த நேரத்திலிருந்து எனக்கு இதே புலம்பல்தான். இருந்தால் இருக்க முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. குசினிக்கும் முற்றத்துக்குமாக நடந்து செருப்பின் வார் அறுந்ததுதான் மிச்சம்.

மார்த்தா யாரென்று கேட்பீர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய லண்டனில், ஆற்றங்கரைப் பெரிய வீடொன்றில் வேலைக்காரி. எல்லாம் ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடரில்தான். மூடுபனி, குதிரை வண்டி, காஸ் விளக்கு, செத்த பிறகும் எழும்பி வந்து இரத்தம் குடிக்கிற ஒரு வைத்தியர். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருக்கிற ஆள் கதவைத் திறந்துவிட்டால்தான் தொடலாம். திறந்தால் ஓர் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படியான தொடர்களை யூடியூப்பில் தமிழில் சொல்வது என் வேலை. பத்து மணித்தியாலப் படத்தைப் பத்துத் துண்டாக்கி, துண்டுக்குப் பதினைந்து நிமிடம் சொல்வேன். சானல் கிளிநொச்சி ரவுணில் இருக்கிற சதீசினுடையது. என்னைவிட எட்டு வயது இளையவன். அவனுக்கு நடந்தது மட்டும் வேண்டும். யார் வந்தது, யார் செத்தது, அடுத்தது என்ன. மார்த்தா படுக்கப் போகுமுன் கதவுக் கொளுக்கியை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பதை நான் சொன்னால், "அக்கா, விசயத்துக்கு வாங்கோ" என்று வட்ஸ்அப்பில் குரல் போடுவான். கொமென்ற் எழுதுகிற சனமும் அவன் கட்சிதான்.

என் கட்சியில் இருந்தது அம்மா மட்டும். பதிவு செய்ய முன் ஒவ்வொரு பகுதியையும் அவருக்குத்தான் சொல்லிப் பார்ப்பேன். சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கியபடி கேட்பார். "பிறகு?" என்று கேட்டால் சொன்ன விதம் சரி. கொட்டாவி விட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவேன். லண்டன்காரி மார்த்தாவைப் பக்கத்து வளவுக்காரியைப் போலக் கொண்டாடினார். ரொட்டி விற்கிற பாண்காரனுக்குக்கூடக் கதவைத் திறக்காமல் யன்னலால் பாண் வாங்குகிறாளே, கெட்டிக்காரி என்று மெச்சினார்.

அந்தக் கெட்டிக்காரிதான் ஆறாம் பகுதியில், வைத்தியர் தட்டியதும் கதிரையை விட்டு எழும்புகிறாள். கொளுக்கியைக் கழற்றுகிறாள். திறக்கிறாள். படியிலேயே செத்துப்போகிறாள். அவள் மேல்மாடியில் ஒளித்து வைத்திருந்த எலன் என்ற சின்னப்பிள்ளை தப்பிவிடுகிறது. ஏன் திறந்தாள் என்று ஒரு சொல் கிடையாது. எழுதினவனுக்கு அந்த இடத்தில் ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது. ஐந்து மணித்தியாலமாக வளர்த்தெடுத்த மனிசியை ஒரு நிமிடத்தில் மடைச்சி ஆக்கிவிட்டான்.

சதீசிடம் பொரிந்து தள்ளினேன். அவன் சிரித்தான். திறக்காவிட்டால் படம் எப்படி ஓடும் என்று கேட்டான். பின்னேரம் ஆறு மணிக்குள் பதிவு வராவிட்டால் புளியங்குளத்து யதுர்ஷிகாவைக் கொண்டு சொல்விப்பானாம். அந்தப் பிள்ளை ஆட்களின் பெயர்கூடச் சொல்லாது, செத்த கணக்கு மட்டும் சொல்லும்.

வேலை போனால் போகட்டும், வேறு தேடலாம். என் கொதிப்புக்குக் காரணம் அதில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவுக்காக அம்மாவோடு எனக்குப் பதினாறு வருட வழக்கு இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டில் உருத்திரபுரத்தில் இயக்கத்துக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பதினாறு வயது, வீட்டில் கரன் என்று கூப்பிடுகிற அண்ணன் சிவகரனுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னைக் குசினியில் விறகு அடுக்குக்குக் கீழே வெட்டிய கிடங்குக்குள் இறக்குவார். அண்ணனை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் இருத்துவார். பிறகு முன்கதவை இழுத்துச் சாத்தி, வெளியால் ஆமைப்பூட்டைப் போட்டு, பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியடியில் போய் இருப்பார். யாராவது வந்து கேட்டால், பிள்ளைகள் முரசுமோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் என்று கண் வெட்டாமல் சொல்வார். ஊரில் பல வீடுகளில் அப்போது இதுதான் வழக்கம். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் மத்தியானம், கிடங்குக்குள் இருந்த எனக்கு முன்கதவு சீமெந்தில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் மேலே வந்தபோது அண்ணன் இல்லை. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்களும் இல்லை. ஊர் ஒரே வரியில் முடித்துவிட்டது, தாயே திறந்து குடுத்தவள் என்று. நான் கேட்டபோதெல்லாம் அம்மா, "தெரியாமல் திறந்திட்டன்" என்பார். எத்தனை தரம் கேட்டாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது. நானும் அந்தப் பதிலை ஏற்கவில்லை. ஒரே வீட்டில் இருந்து, அவர் சமைத்ததைச் சாப்பிட்டு, அவரைப் பார்த்து முழுதாகச் சிரிக்காமல் இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இன்றைக்கும் வீட்டுக்குள் இருக்கும்போதும் முன்கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கும். அம்மா வெளியால் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தால் உள்ளே வருவார். மைக் கொண்டுவந்த சதீஸ் ஆளில்லை என்று நினைத்து இரண்டு தரம் திரும்பிப் போயிருக்கிறான். அந்தப் பூட்டைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பூட்டி வைக்க வேண்டிய நேரத்தில் பூட்டியே வைத்திருக்கலாமே என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் பதிவுக்கு உட்கார்ந்தேன். எதிரொலி வராமல் இருக்க, அலுமாரியைத் திறந்து சேலைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவேன். ஐயாத்துரை அண்ணையின் வயலில் அறுவடை மெசின் உறுமிக்கொண்டிருந்தது. அது வரம்பு திரும்புகிற இடைவெளியில் பிடித்துப் பிடித்துச் சொன்னேன். "மார்த்தா தெரியாமல் கதவைத் திறந்தாள்" என்ற இடத்தில் குரல் நின்றது. மூன்று தரம் தொடங்கினேன், மூன்று தரமும் அங்கேயே நின்றது. மைக்கைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

அம்மா சுளகோடு இருந்தார். நின்றபடியே முழுவதையும் சொல்லிக் கொட்டினேன்.

"அவள் அப்பிடிப்பட்ட ஆளில்லை அம்மா. தெரியாமல் திறந்தவள் எண்டு என்னால சொல்லேலாது."

அம்மா "பிறகு?" என்று கேட்கவில்லை. இரண்டு மூன்று கல் பொறுக்கிப் போட்டார். அந்தப் பிள்ளை எங்கே இருந்தது என்று கேட்டார். மேல்மாடியில் என்றேன். வைத்தியன் தட்டுவது பிள்ளைக்குக் கேட்குமோ என்று கேட்டார். கேட்கும், ஒவ்வொரு நாளும் எலன் என்று பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறான், நாலாம் பகுதியில் அவள் நித்திரையில் எழும்பி அரைவாசிப் படி இறங்கி வந்தவள்தானே என்றேன்.

"அப்ப, ஒராள் போனால் மற்ற ஆள் தப்பும் எண்டு தெரிஞ்சுதான் திறந்திருப்பாள்," என்றார் அம்மா.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் ஏனம்மா திறந்தனீங்கள்?"

சுளகைக் கீழே வைத்தார்.

"கரன்தான் திறக்கச் சொன்னவன்."

மெதுவாகத்தான் சொன்னார், அரிசியைப் பார்த்தபடி. அன்றைக்கு வந்தவர்கள் முரசுமோட்டைக் கதையை நம்பவில்லையாம். கதவை உடைக்கப் போவதாகச் சொல்லி, ஒருவனை வேலிப் படலையில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் பக்கத்து வளவுக்கு அலவாங்குக் கம்பி எடுக்கப் போனார்களாம். அந்த இடைவெளியில் யன்னல் நீக்கலால் அண்ணன் கூப்பிட்டிருக்கிறான். உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் கிடங்கையும் கிண்டுவார்கள், நானாக வெளியே வந்தால் தேடமாட்டார்கள், திறவுங்கோ என்றானாம். அம்மா ஏலாது என்று தலையாட்டினாராம். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லையாம். "தாட்சாயினி" என்று என் பெயரை மட்டும் சொன்னானாம். அம்மா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தாராம்.

ஊர் முழுக்க அவரைப் பழித்தது. அந்தப் பழியை ஆகக் கூடுதலாகச் சுமத்தியவள் நான். அப்போதும் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? இவ்வளவு காலமும்?"

"உனக்காகப் போனவன் எண்டு தெரிஞ்சால் நீ ஒரு பிடி சோறு திண்டிருப்பியோ?" என்றார் அம்மா. "என்னோட கோவிச்சுக்கொண்டெண்டாலும் சாப்பிட்டனி."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. சுளகை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பொறுக்கத் தொடங்கினார். அவருக்கு அது பழைய விசயம்.

ஐந்து மணிக்குத் திரும்பவும் அலுமாரிக்குள் முகத்தை வைத்தேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்த இடம் வந்ததும், "மார்த்தா தெரியாமல் திறக்கவில்லை. மேலே இருந்த பிள்ளைக்காகத் திறந்தாள். அதைப் பிள்ளைக்குத் தெரியவிடவும் இல்லை" என்று சொன்னேன். அனுப்பிப் பத்து நிமிடத்தில் சதீஸ் எடுத்தான். படத்தில் அப்படி ஒன்றும் இல்லையே அக்கா, சனம் சிரிக்கும், அந்த மூன்று வரியையும் வெட்டுகிறேன் என்றான்.

"அது வெட்டேலாது சதீஸ். வெட்டுறதெண்டால் என்னையும் வெட்டிப்போட்டு யதுர்ஷிகாவைக் கூப்பிடு."

அவன் சரி அக்கா என்றான். ஆறு மணிக்குப் போட்டான். ஆறேகாலுக்கு ஒருவர் எழுதினார், தான் இரண்டு தரம் பார்த்ததாகவும் அப்படி ஒரு சீன் கிடையாது என்றும், அக்கா எங்கே பார்த்தீர்கள் என்றும். நான் அந்த வீட்டுக்குள் இருந்தேன் என்று பதில் போட்டேன். அவர் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார்.

அம்மா சோறு போட்டுவைத்துக் கூப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த மிளகாயும். நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன், கை போகவில்லை. அம்மா கதிரையை இழுத்து எனக்கு எதிரில் போட்டு இருந்து, நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்தார். சாப்பிட்டேன்.