டாக்டர் முலிந்த்வா சொன்னது

அந்த வாரம் எங்கள் கியெங்கேராவில் ஸ்கோவியாவின் கால் தரையில் படவில்லை. டிவி டாக்டர் தொடரில் அவள் பெயர் வந்துவிட்டது.

தொடர் கொரியாக்காரர்களுடையது. அதன் உண்மையான தலைப்பு எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. வீஜே பம்பா பேசித்தான் எல்லோரும் அதைப் பார்த்தோம். படம் ஓட ஓட அதன் மேலேயே லுகாண்டா மொழியில் பேசிக்கொண்டு போவது வீஜேயின் பிழைப்பு. கொரியர்கள் பத்து வார்த்தை பேசினால் பம்பா முப்பது பேசுவார். கதாநாயகனின் பெயர் வாயில் நுழையவில்லை என்று முலிந்த்வா ஆக்கிவிட்டார். மயக்க ஊசி போடும் வில்லன் டாக்டருக்கு லூபேகா. நடுநடுவே, கேட்டுக்கொண்ட ரசிகர்களின் பெயரையும் ஊரையும் படத்துக்குள்ளேயே சொல்லி வாழ்த்துவார். திரையில் ஒருவன் வயிறு திறந்து கிடக்கும்போது, மசாக்காவில் டயர் கடை வைத்திருக்கும் அருமை நண்பர் கிகோங்கோ நீடூழி வாழ்க என்று குரல் வந்தால் நாங்கள் யாரும் திடுக்கிடுவதில்லை.

ஸ்கோவியா மசாக்கா சாலையோரம் முடி பின்னும் சலூன் வைத்திருந்தாள். கண்ணாடிக்கு மேலே டிவி. புதுப் பகுதி வந்த அன்றைக்கே படக் கடையில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். லூபேகா மருந்தை மாற்றி வைத்த பகுதியில் திரையைப் பார்த்துச் சீப்பை எறிந்தாள். முலிந்த்வாவை வேலையிலிருந்து தூக்கிய பகுதிக்கு அரை நாள் கடையை மூடினாள். கேட்டவர்களிடம் வீட்டில் துக்கம் என்றாள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பம்பாவின் வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவு போகும். அந்த நர்ஸ் முலிந்த்வாவுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லை, அவளுக்குத் தேன் ஒழுகுகிற வசனம் கொடுக்காதீர்கள் என்று ஒரு முறை. லூபேகா எப்போது சாவான் என்று பல முறை. பம்பா பாவம், கதையை அவரா எழுதினார்? ஆனாலும் அவள் கணக்கில் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கடைசியில் தவறாமல் ஒரு நச்சரிப்பு இருக்கும்: என் பெயரை எப்போது சொல்லப்போகிறீர்கள்?

சொல்லிவிட்டார். அதுவும் சும்மா இல்லை. "கியெங்கேராவின் ராணி, கத்தரிக்கோல் பிடிச்ச கைக்குச் சொந்தக்காரி, என் தலையிலேயே ஏறி உக்காந்திருக்கிற என் முதல் ரசிகை ஸ்கோவியா, நீ நல்லா இருக்கணும் தாயி, உன் கடை வாசல்ல கூட்டம் நிக்கணும்" என்று மூச்சு விடாமல் போனது வாழ்த்து. ஸ்கோவியா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். சப்பாத்திக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். வழி கேட்க வந்தவளைக்கூட உட்கார வைத்துக் காட்டினாள். ரெஸ்டிக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

ரெஸ்டி அவளுடைய தங்கை. புருஷன் எல்லை தாண்டி ஜூபாவுக்கு லாரி ஓட்டுகிறவன். போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. எட்டாம் மாத வயிற்றோடு தனியாக இருக்க வேண்டாம் என்று ஸ்கோவியாதான் அவளைக் கூட்டிவந்து கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வைத்துக்கொண்டாள். அம்மா போன பிறகு ரெஸ்டிக்கு அவள் வைத்ததுதான் சட்டம். முலிந்த்வா மேல் அவளைப் போலவே ரெஸ்டிக்கும் பைத்தியம். அவர் சொன்னால் வேதவாக்கு.

வாழ்த்து வந்த அந்தப் பகுதியில் முலிந்த்வாவிடம் ஒரு கர்ப்பிணி வருகிறாள். தலை வெடிக்கிறது, கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது, மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற வரவில்லை என்கிறாள். அதையெல்லாம் பம்பா ஒழுங்காகவே பேசினார். டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறக்கும் இடத்தில்தான் ஸ்கோவியாவின் வாழ்த்து தொடங்கியது. அது முடியும்போது அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிவிட்டாள். "சரி, வீட்டுல போய்ப் படுத்துக்கோ, உப்பைக் குறைச்சுக்கோன்னு டாக்டர் அனுப்பி வச்சுட்டார்" என்று பம்பா இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவினார்.

ஞாயிற்றுக்கிழமை ரெஸ்டிக்குத் தலைவலி வந்தது. திங்கள் காலை முகம் ஊதியிருந்தது.

"அக்கா, கண்ணுல என்னமோ பறக்குது," என்றாள். "அந்தக் கொரியாக்காரி சொன்னாளே, அதே மாதிரி."

ஸ்கோவியா பயப்படவில்லை. பயப்பட வேண்டியவள், பயப்படாமல் சிரித்தாள். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டதே என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வரலாமா என்று ரெஸ்டி கேட்டபோது, விடிய விடிய வரிசையில் நின்று அங்கேயும் இதைத்தான் சொல்லப்போகிறார்கள் என்றாள். வேர்க்கடலைக் குழம்பில் உப்பை நிறுத்தினாள். மத்தோக்கே வாழைக்காயை உப்பில்லாமல் மசித்து ஊட்டினாள். ஜன்னலில் துணி கட்டி அறையை இருட்டாக்கிப் படுக்க வைத்தாள். வருகிற வாடிக்கைக்காரிகளிடமெல்லாம் தங்கைக்கு முலிந்த்வா வைத்தியம் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். அவள் அந்தத் தங்கையை உயிராக நினைத்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அதனால்தான் கேட்கவே வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை மதியம் அடுத்த பகுதி வந்தது. ரெஸ்டி உள்ளே படுத்திருந்தாள்; வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, நீ பார்த்துவிட்டுக் கதையைச் சொல்லு என்றாள். நாற்காலியில் வாடிக்கைக்காரி டெரிக் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கத் தலை பின்னி முடிந்திருந்தது, மறு பக்கம் விரிந்து நின்றது. ஸ்கோவியா பின்னிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

எடுத்த எடுப்பிலேயே அந்தக் கர்ப்பிணி ஒரு பஸ் நிறுத்தத்தில் விழுகிறாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. பம்பாகூட இந்த முறை கிண்டல் செய்யவில்லை. ஸ்கோவியா பின்னுவதை நிறுத்தினாள். திரையில் ஓடினார்கள், கத்தினார்கள், கத்தியை எடுத்தார்கள். ஒரு குழந்தை அழுதது. பிறகு ஒரு வெள்ளைத் துணி மெல்ல அந்தப் பெண்ணின் முகத்துக்கு மேல் ஏறியது. முலிந்த்வா சுவரில் கையை ஓங்கி அறைந்துகொண்டார்.

"அன்னைக்கே சொன்னேனே, வீட்டுக்குப் போகாதேன்னு," என்றது பம்பாவின் குரல். "கையைப் பிடிச்சுக் கெஞ்சினேனே."

"எப்போ சொன்னாரு?" என்றாள் ஸ்கோவியா.

டெரிக் அம்மா, தெரியாதம்மா, நீதானே முழுசாகப் பார்ப்பவள் என்றாள். ஸ்கோவியா ரிமோட்டை எடுத்தாள். வாழ்த்து வந்த பகுதியை வைத்து அந்த இடத்துக்குப் போனாள். கண்ணை மூடிக்கொண்டுகூடப் போய்விடுவாள், அத்தனை முறை போயிருக்கிறாள். இந்த முறை சத்தத்தை முழுவதும் குறைத்தாள்.

பெயர் கேட்காதபோதுதான் படம் கண்ணில் பட்டது. முலிந்த்வா தலையை இல்லை இல்லை என்று ஆட்டுகிறார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். படுக்கையைக் காட்டுகிறார். அவள் கையை உதறுகிறாள். அவர் கதவு வரைக்கும் பின்னாலேயே போகிறார். கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பம்பாவின் பெயரும் போன் நம்பரும் போட்ட பச்சைப் பட்டை மறைத்திருந்தது. இவ்வளவும் அவள் கண்ணுக்கு முன்னால்தான் நடந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும். அவள் காது தன் பெயரிலேயே இருந்ததால் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

பம்பாவுக்குப் போன் போட்டாள். வாழ்த்து எப்படி, இனிமேலாவது என்னைத் திட்டாமல் இருப்பாயா என்று அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"அந்த இடத்துல டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த இடத்துல?"

"என் பேரு வந்த இடத்துல. வயித்துப் பிள்ளைக்காரி கிட்ட."

பம்பா கொஞ்சம் யோசித்தார். "அங்க நான் எழுத்தைப் பாக்கவே இல்லையேம்மா. உன் வாழ்த்தைத்தான் படிச்சிட்டிருந்தேன். அவ எந்திரிச்சுப் போனதைப் பாத்துட்டு, வீட்டுக்கு அனுப்பிட்டாரு போலன்னு நானா ஒண்ணு அடிச்சு விட்டேன். ஏன்?"

அவள் போனை வைத்துவிட்டாள். பின்னறைக்கு ஓடினாள். ஜன்னல் துணியைப் பிய்த்து எறிந்தாள். ரெஸ்டியின் முகம் அவள் முகமாகவே இல்லை. இமைகள் தடித்து, உதடு கனத்திருந்தது. மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ வெளியே நிற்கிறாயா உள்ளே வந்துவிட்டாயா, சரியாகத் தெரியவில்லை என்றாள்.

வாடகை பைக்கில் அவளை ஏற்ற முடியாது. டெரிக் அம்மாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாதித் தலை பின்னியும் பாதித் தலை விரிந்துமாக, கழுத்தில் கட்டிய துண்டோடு அப்படியே வண்டியை எடுத்தாள். வழியில் புசேகாவில் வழக்கம் போல நெரிசல். டாக்சி வேன்கள் குறுக்கும் நெடுக்கும் மூக்கை நுழைத்து நின்றன. ஸ்கோவியா பின் இருக்கையில் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் துடித்தால் செத்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் துடித்தது விரலா வண்டியா என்று தெரியாமல் அவளுக்கு உயிர் போய் வந்தது. டெரிக் அம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குறுக்கே நின்ற ஒரு வேன்காரன் அவள் தலையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, பின் இருக்கையைப் பார்த்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான்.

"அக்கா, கதை என்னாச்சு?" என்று ரெஸ்டி முனகினாள்.

"பேசாதடி. கண்ணைத் தொறந்து வச்சுக்கோ."

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதி சிஸ்டர் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள். ஊசியோடு திரும்பி வந்து, வலிப்பு வராமல் இருக்க இது என்று சொல்லிக்கொண்டே ஏற்றினாள். கையுறை எங்கே, பிளாஸ்டிக் விரிப்பு எங்கே, பஞ்சு எங்கே என்று கேட்டாள். பிரசவத்துக்கு வருகிறவர்கள் அதெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். இவர்கள் வெறும் கையோடு வந்திருந்தார்கள். டெரிக் அம்மா வாங்கிவர வெளியே ஓடினாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு? யாரு வீட்டுலயே கிடக்கச் சொன்னது?"

ரெஸ்டி கண்ணை மூடிக்கொண்டே, டாக்டர்தான் என்றாள்.

"எந்த டாக்டர்? பேரைச் சொல்லு. அவனை நான் சும்மா விடப்போறதில்ல."

"டாக்டர் முலிந்த்வா."

எந்த ஆஸ்பத்திரி முலிந்த்வா என்று சிஸ்டர் கேட்டாள். அந்த நேரத்தில் ஸ்கோவியா எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் சிஸ்டர் நம்பியிருப்பாள்.

"டிவியில வர்ற டாக்டர், சிஸ்டர்," என்றாள். "அவரும் அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன். என் தங்கச்சியை நான்தான் படுக்க வச்சேன்."

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள், கதவு மூடியது.

வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கோவியா ஜெபம் செய்யப் பார்த்தாள். கண்ணை மூடினால் வெள்ளைத் துணி ஏறியது. போன் அடித்தது, பம்பா. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாயே, என்ன விஷயம் என்று அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. அவரைத் திட்டுவதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை. வாழ்த்துக் கேட்டு மாதக்கணக்கில் பிய்த்தெடுத்தவள் அவள்தானே?

முதலில் குழந்தையைக் கொண்டு போனார்கள். பெண். ஒரு உள்ளங்கைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சூடான கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாயைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்கோவியா கேட்கவும் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். டெரிக் அம்மாதான் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பிழைத்துவிட்டாள் என்று அவள் சொன்ன பிறகும் ஸ்கோவியா, யார், யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ரெஸ்டி தெளிவாகக் கண் விழித்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. குழந்தையைப் பற்றிக் கேட்டாள், அழுதாள், புருஷனுக்குச் சொல்லியாயிற்றா என்றாள். அக்காவைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸ்கோவியாவுக்கு மூச்சு வந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அவ என்ன ஆனா?" என்றாள்.

"யாரு?"

"அதான், கண்ணுல மின்மினி பறக்குதுன்னு வந்தாளே. என்னை மாதிரியே. நேத்து அந்தப் பகுதி பாத்தியே."

பார்த்த கதையை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் திருப்பிச் சொல்கிறவள் ஸ்கோவியா. தங்கையின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் வீங்கியிருந்தது.

"பொழைச்சுட்டா," என்றாள்.

"குழந்தை?"

"அதுவும். ரெண்டு பேரும்."

ரெஸ்டி முகம் மலர்ந்தது. முலிந்த்வா விடமாட்டார் என்று தனக்குத் தெரியும் என்றாள். முழுக் கதையும் சொல்லு, ஒன்று விடாமல் சொல்லு என்றாள்.

ஸ்கோவியா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அவ பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தா," என்று ஆரம்பித்தாள். "பின்னாலேயே டாக்டர் ஓடி வந்துட்டாரு. விழறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு."