இடது கை ஆட்டம்

பழனியப்பன் இறந்த மூன்றாம் நாளிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் அவருடைய மகள் சுபத்ரா அவருக்குப் பதிலாக இடது கையால் கேரம் ஆடினாள். எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எதிராளி அவளுடைய அண்ணன் தினேஸ்வரன். அவன் நோர்வேயில், பெர்கன் என்னும் துறைமுக ஊரில், மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். பலகை பிரிஞ்சாங் என்னும் மலையூருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மூன்றாம் எண் வீட்டில், ஒரு முக்காலியின் மேல் இருந்தது. அவன் அங்கே ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் இங்கே காய் குழியில் விழும்.

இது பதினோரு வருடமாக நடப்பது. தினேஸ்வரன் விமானம் ஏறிப்போன மூன்றாவது வாரம், மாலை ஆறரை மணிக்கு, பழனியப்பன் தனியாக உட்கார்ந்து பலகைக்குப் பவுடர் தடவிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்து ஸ்ட்ரைக்கர் தானாக நகர்ந்து ஒரு கறுப்புக் காயை மூலைக்குழியில் தள்ளியது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, "நல்ல அடி" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்ட்ரைக்கரை எடுத்து வைத்தார். லயத்து ஜனங்கள் ஒரு வாரம் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சுகுமாரன் பலகை சரிந்திருக்கிறது என்று சொல்லி ரசமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, கறுப்புக் காய்க்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று கருத்துச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. மார்ச் கடைசி ஞாயிறன்று அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள்; அன்று முதல் ஆட்டம் இங்கே ஐந்தரைக்கே தொடங்கும். அக்டோபர் கடைசியில் மறுபடி ஆறரைக்குப் போகும். இங்கே எத்தனை மணியானாலும் அங்கே மணி பதினொன்றரைதான். அது தினேஸ்வரனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

அவனுடைய வேலை மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்து, மெலிசாக அறுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து வளையங்களை எண்ணுவது. ஒரு வளையம் ஒரு வயது. வளையம் குறுகியிருந்தால் அந்த வருடம் மீனுக்குச் சரியான இரை கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒருமுறை போனில், "இந்த மீன் மூணாவது வயசுல பட்டினி கிடந்திருக்குப்பா" என்று சொன்னான். "நம்ம லயத்துல எவன் காதை அறுத்துப் பார்த்தாலும் அப்படித்தான்டா இருக்கும்" என்றார் பழனியப்பன். அந்த ஊரில் கேரம் பலகை கிடைக்காததால் குடியிருப்பின் நிலவறையில் அவனே ஒன்று செய்துகொண்டான்; வேலைக்கும் கப்பலுக்கும் அதையே எடுத்துப்போனான். மற்றவர்கள் உணவறைக்குப் போகும் நேரத்தில் அவன் ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் ஆடினான். ஐந்து டிகிரித் தண்ணீரில் நீந்தப் பழகியிருந்தான். சனிக்கிழமைகளில் படகுத்துறையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, சொறிமீன்களை எண்ணி நோட்டில் குறித்தான். குளிர்காலத்தில் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டான். இதெல்லாம் வீட்டுக்குத் தெரிந்தது பலகையினால்தான். காய்களுக்கு நடுவே சில நாள் நீல நூல்பிசிறு கிடக்கும், சில நாள் ஒரு மீன் செதிள். அவன் ஆராய்ச்சிக் கப்பலில் போகும் மாதங்களில் டீசல் வாசம் வரும். காய்கள் எல்லாம் ஒன்றாக ஒரு ஓரத்துக்கு வழுக்கும், கொஞ்ச நேரம் நின்று மறு ஓரத்துக்கு வழுக்கும். பழனியப்பன் இரண்டு முழங்கைகளையும் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு அலை அடங்கும்வரை காத்திருப்பார். கடலிலிருந்து ஐயாயிரம் அடி உயரத்தில் அவருக்குப் பலமுறை வாந்தி வந்திருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் பழனியப்பனின் மனைவி இராசம்மா இறந்தபோது தினேஸ்வரன் கப்பலில் இருந்தான். சுபத்ரா கப்பலின் சாட்டிலைட் போனுக்குக் கூப்பிட்டு அம்மா போய்விட்டாள் என்று சொன்னாள். கரைக்கு வர அவனுக்குப் பதினேழு நாள் ஆகும். அவன் பதினான்கு நிமிடம் அழுதான். லைன் தானாக அறுந்துபோகும்வரை சுபத்ரா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழனியப்பனே கொள்ளி வைத்தார். அதன்பிறகு அவர் மகனோடு போனில் பேசவில்லை. "பெத்தவளுக்குக் கொள்ளி வைக்க வராதவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அன்று மாலையும் ஆறரைக்குப் பலகையின் முன்னால் உட்கார்ந்தார். ஆறு வருடம் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாள் தவறாமல் ஆடினார்கள். பழனியப்பனின் வலது கையில் இரண்டு விரல்களைத் தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டு மெஷின் சிறுவயதிலேயே தின்றுவிட்டிருந்தது. இடது ஆள்காட்டி விரலால்தான் சுண்டுவார். ஏழு ஆட்டத்தில் ஆறு அவருக்குத்தான்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு ஐம்பதுக்குப் பழனியப்பன் சிவப்புக் காயைப் போட்டார். சிவப்பைப் போட்டவர் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. போடத் தவறினால் சிவப்பு மறுபடி நடுவுக்குப் போகும். அவருடைய வெள்ளைக் காய் ஒன்று குழியின் வாயிலேயே நின்றது. அவர் விரலை மடக்கிச் சுவரில் சாய்ந்தார். யோசிக்கிறார் என்று நினைத்துச் சுபத்ரா அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஸ்ட்ரைக்கர் அசையாமல் காத்திருந்தது.

தினேஸ்வரன் அப்போதும் கப்பலில் இருந்தான், வடகடலில், ஐந்து வாரப் பயணத்தில். தாய்மாமன் ரெங்கசாமி திரிங்காப்பிலிருந்து பூ ஏற்றும் லோரியில் வந்து இறங்கினார். அவர்தான் முதலில் சுபத்ராவிடம் கேட்டார்.

"பையனுக்குச் சொல்லியாச்சா?"

"கப்பல்ல இருக்கான் மாமா. சொல்லி என்ன ஆகப்போவுது? கடல்ல குதிச்சா வர முடியும்? எறங்குனதும் சொல்லிக்கலாம்."

"அப்ப கொள்ளி?"

"நான் வைக்கிறேன்."

"பையன் உசுரோட இருக்கப்ப பொட்டப்புள்ள வைக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்ன சொல்லுதோ அதை எனக்குச் சொல்லாதீங்க. அவனுக்கும் சொல்லாதீங்க."

சுபத்ரா முப்பத்தோரு வயது வரைக்கும் யாரையும் எதிர்த்து இவ்வளவு பேசியதில்லை. ரெங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடைக்கு மூங்கில் வெட்டப் போனார். லயத்தில் எல்லாருக்கும் சொல்லப்பட்டது: தினேஸுக்குத் தெரியக் கூடாது. நாற்பத்திரண்டு குடும்பமும் வாயை மூடிக்கொண்டது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சாவுச் செய்தியை மறைப்பது அங்கே புதிய வழக்கமல்ல.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து பலகையின் மேல் போட்டிருந்த போர்வையைச் சுபத்ரா எடுத்தாள். சிவப்புக் காய் நடுவில் இருந்தது. இழவுக்கு வந்த பிள்ளைகள் யாராவது எடுத்து வைத்திருக்கும் என்று நினைத்தாள். ஆறரை ஆனதும் எதிர்ப்பக்கத்து ஸ்ட்ரைக்கர் தன் கோட்டுக்கு வந்து நின்றது. அவளுக்கு அந்தப் பதினான்கு நிமிட அழுகை காதில் கேட்டது. அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது ஆள்காட்டி விரலால் சுண்டினாள்.

அவளுக்குக் கேரம் வராது. வலது கையிலேயே வராது. ஆனாலும் ஏழு நாளில் ஆறு நாள் ஜெயித்தாள், அப்பாவைப் போலவே. அடி தவறிப்போகும், ஆனால் எதிராளி அதைவிட மோசமாகத் தவறவிடுவான். அப்பாதான் விரலில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாள். லயத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், அதிலும் யாருக்கும் வியப்பில்லை. பகலெல்லாம் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்திப் பூக்களைக் கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக்கில் சுற்றினாள். அங்கேயும் இடது கையால் சுற்றப் பழகினாள். கப்பல் கரைக்கு வந்தது. இப்போது சொல்லலாம் என்று தொண்டைவரை வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று விழுங்கிவிட்டாள். அடுத்த வாரம் அது இன்னும் கடினமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்தான். முன்பெல்லாம் முதல் வார்த்தையே "அப்பா எப்படி இருக்காரு?" என்றுதான் வரும். பிப்ரவரிக்குப் பிறகு அவன் அப்பாவைப் பற்றிக் கேட்கவேயில்லை. "சாப்பிட்டியா பாப்பா? தூங்குனியா?" என்று மட்டும் கேட்டான். கோபம் முற்றிவிட்டது என்று சுபத்ரா வருந்தினாள். ஆனால் வாயால் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது தன் அதிர்ஷ்டம் என்றும் நினைத்தாள்.

நூற்றுப் பன்னிரண்டாவது நாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் ஷஹாபுதீன் வருவார். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அந்தப் பலகையே ஒரு காலத்தில் அவர் கடையில் கிடந்ததுதான். பழனியப்பன் இருந்தபோது ஆட்டம் பார்க்க வந்தவர், இப்போதும் முர்தபாக் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மூன்றாவது காயிலேயே முகத்தைச் சுளித்தார்.

"இதப் பாரு மா. கறுப்பு குழிக்கு நேரா நிக்குது. உங்கண்ணன் தூக்கத்துல சுண்டினாக்கூட உள்ள விழும். எங்க அடிச்சான் பாத்தியா? சுவத்துக்கு அடிக்கிறான் லா."

"கை வழுக்கியிருக்கும் பாய்."

"பதினாறு வாரமா பாக்குறேன். வாரத்துக்கு ஆறு நாள் நீ ஜெயிக்கிறியாம். அப்படி வழுக்குற கையா? சவர்க்காரம் பூசிக்கிட்டா ஆடுறான்?"

"அப்பா என் விரல்ல இருக்காரு. அதான்."

ஷஹாபுதீன் பொட்டலத்தைப் பிரிப்பதை நிறுத்தினார். "பழனி அண்ணனோட முப்பது வருசம் ஆடியிருக்கேன். உன் விரல்ல அவரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கோவிச்சுக்காத. நீ மகா மட்டமா ஆடுற. அவன் உனக்காகத் தோக்குறான்."

"தெரியாம ஒருத்தன் எப்படித் தோப்பான்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் ஷஹாபுதீன்.

சுபத்ரா சுண்டினாள். ஸ்ட்ரைக்கர் ஓரத்தில் பட்டு, திரும்பி, ஒரு கறுப்பை உரசி, யாரும் எதிர்பார்க்காத விதமாகச் சிவப்பைத் தள்ளிக்கொண்டு போய்க் குழியில் விட்டது. அவளுடைய வெள்ளைக் காய் ஒன்று குழியின் வாயில் நின்றது. ஊதினால் விழும். ஷஹாபுதீன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அவள் ஸ்ட்ரைக்கரை வைத்து, இடது விரலை மடக்கினாள். அப்பாவும் இப்படித்தான் மடக்கியிருந்தார். விரல் நிமிரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். வெளியே மூடுபனி இறங்கித் தேயிலைச் சரிவைப் பாதிவரை மறைத்தது. பக்கத்து வீட்டு யோகேஸ்வரி கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு போனாள். சுவர்க்கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

அப்போது குழியின் வலைக்குள்ளிருந்து சிவப்புக் காய் மேலே எழுந்தது. ஓரச்சட்டத்தைத் தாண்டி, இரண்டு விரல்களுக்கு நடுவில் இருப்பதைப் போல மெதுவாக வந்து, நடுவட்டத்தில் உட்கார்ந்தது. கொஞ்சம் கோணலாக இருந்தது போல. மறுபடி நகர்ந்து சரியாக உட்கார்ந்தது.

அப்பா போனபோதும் அதை எடுத்து நடுவில் வைத்தது இழவுக்கு வந்த எந்தப் பிள்ளையும் இல்லை.

சுபத்ரா போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மணி முழுதாக ஒருமுறை அடிப்பதற்குள் தினேஸ்வரன் எடுத்துவிட்டான். கடற்பறவைகளின் சத்தம் கேட்டது. ஷஹாபுதீன் எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"அண்ணே."

"சொல்லு பாப்பா."

"நான்தாண்ணே ஆடுனேன்."

"ம்."

"கொள்ளியும் நான்தான் வெச்சேன். நீ கப்பல்ல இருந்த. அம்மாவுக்கு நீ அழுத மாதிரி..." அவள் நிறுத்தினாள். நூற்றுப் பன்னிரண்டு நாளும் லயத்தில் நாற்பத்திரண்டு குடும்பமும் அவனிடம் சொல்லாத சொல் அடுத்து வர வேண்டியிருந்தது. இடது கையால் பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா செத்துட்டாருண்ணே."

"ஆமா பாப்பா" என்றான் தினேஸ்வரன். "பதினொண்ணு அம்பதுக்கு."